பில்பாவோவின் புழுக்கள்

பில்பாவோ நகரத்தில் மிக அதிகமாகப் படம்பிடிக்கப்படும் முதுகெலும்பற்ற உயிரி ஒரு சிலந்தி. குகன்ஹைம் அருங்காட்சியகத்தின் ஆற்றங்கரைப் பக்கம், ஒன்பது மீட்டர் உயரத்துக்கு, வெண்கலத்தில் எட்டுக் கால்களை ஊன்றி நிற்கிறது. லூயிஸ் பூர்ஷ்வா என்ற சிற்பியின் கைவண்ணம். வருகிறவர்கள் எல்லாரும் அதன் காலுக்குள் புகுந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் குறையில்லை, நானும் எடுத்துக்கொண்டேன். ஆனால் நான் பார்க்க வந்த முதுகெலும்பற்றவை வேறு. அவற்றுக்குச் சிலை கிடையாது, டிக்கெட் கிடையாது. அதே கரைக்குக் கீழே, தண்ணீருக்கும் கீழே, சேற்றுக்குள் இருக்கின்றன.

பில்பாவோவைப் பற்றி உலகம் சொல்லும் கதை தெரிந்ததுதான். இரும்பாலையும் கப்பல் பட்டறையும் நொடித்துப்போன அழுக்கு ஊர். 1997 அக்டோபரில் பிராங்க் கெரி வடிவமைத்த, டைட்டானியத் தகடு போர்த்திய ஒரு கட்டடம் திறக்கப்பட்டது. ஊர் பிழைத்துக்கொண்டது. இதற்குப் ‘பில்பாவோ விளைவு’ என்று பேர் வைத்து, நலிந்த ஊர்களுக்கெல்லாம் ஒரு விசித்திரக் கட்டடத்தை மருந்தாக எழுதிக் கொடுக்கிற வழக்கம் அதன்பின் வந்தது. எனக்கு இந்தக் கதையில் பாதி நம்பிக்கைதான். கட்டடம் அழகு, மறுக்கவில்லை. ஆனால் குடலைப் புரட்டும் நாற்றம் வீசுகிற கரையில் எவ்வளவு அழகான கட்டடம் இருந்தால் என்ன, யார் வந்து உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள்? அந்தக் கட்டடம் திறப்பதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே, 1979இல், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஒரு பெரிய திட்டத்துக்கு இந்த ஊர் ஒப்புதல் கொடுத்துவிட்டது. அருங்காட்சியகத்துக்கு ஆனதைப் போலப் பல மடங்கு பணம் பூமிக்கடியில் குழாய்களாகப் புதைந்தது. குழாயைப் பார்க்க யாரும் விமானம் ஏறி வருவதில்லை, அவ்வளவுதான்.

ஊர்க்காரர்கள் ஆற்றை ஆறு என்று சொல்வதில்லை, ‘ரீயா’ என்கிறார்கள். அதுதான் சரி. நெர்வியோன், இபைசாபல் என்ற ஆறுகள் கொண்டுவரும் நன்னீர் கொஞ்சம்தான். பழைய நகரத்திலிருந்து அப்ரா விரிகுடா வரை சுமார் 15 கிலோமீட்டருக்குக் கடல்தான் உள்ளே வந்து போகிறது. பிஸ்கே வளைகுடாவின் ஓதம் நம் கடற்கரை ஓதம் மாதிரி இல்லை. பெரிய ஓத நாட்களில் நான்கு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். காலையில் கரைச் சுவரின் விளிம்புவரை தளும்பிய தண்ணீர், மதியம் பார்த்தால் ஒரு மாடி கீழே போய், பாசி படிந்த சுவரை மட்டும் விட்டுவைத்திருக்கிறது.

ஒரு காலத்தில் இருபுறமும் சேற்றுவெளியும் உப்பு நிலமுமாக இருந்த கழிமுகம் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுற்றியிருந்த மலைகளின் இரும்புத் தாதைப் பிரிட்டனுக்கு ஏற்றுவதற்காகக் கரையைக் கட்டி நேராக்கி, ஆழப்படுத்தி, வாய்க்காலாக்கிவிட்டார்கள். பிறகு உருக்காலைகள், கப்பல் பட்டறைகள், ரசாயன ஆலைகள். கூடவே ஏறக்குறைய பத்து லட்சம் பேரின் சாக்கடை, சுத்திகரிக்கப்படாமல். மலமும் சோப்பும் சமையலறைக் கழிவும் நுண்ணுயிர்களுக்கு விருந்து. அவை தின்னத் தின்ன நீரில் கரைந்த ஆக்சிஜன் தீரும். வாய்க்காலின் அடியில் கனமான உப்புநீர் தேங்கி, மேலே நன்னீர் மூடி போட்டுவிடுவதால் புது ஆக்சிஜனும் கீழே இறங்காது. 1980களில் உட்பகுதியின் அடிநீரில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லாத காலங்கள் உண்டு. திட்டம் போட்டவர்கள் வைத்த இலக்கு எளிமையானது: தண்ணீர் எவ்வளவு ஆக்சிஜனைத் தாங்க முடியுமோ அதில் 60 விழுக்காடாவது இருக்க வேண்டும்.

யூஸ்கால்டுனா கப்பல் பட்டறை இருந்த இடத்தில் இப்போது இசையரங்கும் கடல் அருங்காட்சியகமும். அதைத் தாண்டி நடந்தால் சோரோட்சௌரே. 2018இல் பக்கத்து வாய்க்காலின் மூடிய முனையைத் திறந்துவிட்டு, தீபகற்பமாக இருந்த அதைத் தீவாக்கியிருக்கிறார்கள். தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு முதியவரிடம் மீன் கிடைக்கிறதா என்று சைகையால் கேட்டேன். வாளியைக் காட்டினார். காலி. ஆனால் அவர் அங்கே தூண்டிலோடு உட்கார்ந்திருப்பதே இந்த ஊருக்குப் புதுசு.

எனக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் கடலூர்ப் பக்கத்து மீனவக் கிராமத்துப் பையன். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்துவிட்டு, பாஸ்க் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு வந்திருக்கிறார். நண்பர் ஒருவர் எண் கொடுத்தார். “புழு பாக்கவா இவ்ளோ தூரம் வந்தீங்க? எங்க ஊர்லயே கெடக்குமேண்ணே” என்று ஃபோனிலேயே சிரித்தார்.

மெட்ரோவில் போர்த்துகலேத்தே போனோம். அங்கே 1893இல் கட்டிய ஒரு தொங்கு பாலம் இருக்கிறது. மேலே இரும்புச் சட்டம், அதிலிருந்து கம்பிகளில் தொங்கும் ஒரு மேடை. மேடையில் காரும் ஆளும் ஏறிக்கொண்டால், தண்ணீரைத் தொடாமல் அக்கரைக்கு இழுத்துப் போய்விடும். பாய்மரக் கப்பல்கள் அடியில் போக வேண்டும், பாலமும் வேண்டும் என்பதற்குக் கண்டுபிடித்த வழி. 2006இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மேடையில் நின்று ஆற்றின் மேல்பக்கம் கைகாட்டித் தம்பி சொன்னார்: “அதோ தெரியுதே, செஸ்தாவ். அங்கதான் பழைய ஊதுலை ஒண்ண நினைவுச்சின்னமா நிறுத்தி வெச்சிருக்காங்க. சுத்திகரிப்பு நிலையமும் அங்கதான்.” ஆல்தோஸ் ஓர்னோஸ் இரும்பாலை 1996இல் மூடப்பட்டது. கலிந்தோ சுத்திகரிப்பு நிலையம் 1990இல் ஓடத் தொடங்கி, 2001இல் உயிரியல் சுத்திகரிப்பும் சேர்ந்த பிறகுதான் முழு வேலையைச் செய்தது.

அந்த மாற்றம் அடிச்சேற்றில் எப்படித் தெரிந்தது என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. 1980களின் கடைசியிலிருந்தே ஆய்வாளர்கள் இந்த 15 கிலோமீட்டரிலும் குறித்த இடங்களில், குறித்த காலங்களில் சேற்றை அள்ளிப் பார்த்து வருகிறார்கள். வான் வீன் கிராப் என்று ஒரு கருவி: இரண்டு இரும்புத் தாடைகள், திறந்த வாயோடு கயிற்றில் இறங்கும், தரை தட்டியதும் கொக்கி விடுபடும், மேலே இழுக்கும்போது சேற்றோடு கவ்விக்கொண்டு மூடும். அள்ளியதைச் சல்லடையில் அலசி, மிஞ்சும் உயிர்களை ஃபார்மலினில் போட்டு, நுண்ணோக்கியில் வைத்து ஒவ்வொன்றாக இனம் பிரித்து எண்ண வேண்டும். இயந்திரம் செய்கிற வேலை இல்லை. கண்ணும் கழுத்தும் ஒடிகிற வேலை.

1990களில் உட்பகுதியில் அள்ளிய சேற்றில் பல இடங்களில் எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லை. ஒரு புழுகூட இல்லை. கழிமுகத்துக்குச் சாவுச் சான்றிதழ் எழுதுவதென்றால் இதைவிடத் தெளிவாக எழுத முடியாது. தண்ணீரில் ஆக்சிஜன் திரும்பிய பிறகு முதலில் வந்தவை அழகான உயிர்கள் அல்ல. கேப்பிடெல்லா என்ற சின்னச் சிவப்புப் புழு, மலக்கோசெரோஸ் என்ற இன்னொரு புழு, நன்னீர்ச் சாக்கடைப் புழுக்களின் உறவுக்காரர்கள். நாற்றச் சேற்றில் மற்ற யாரும் இல்லாதபோது கூட்டமாகப் பெருகுகிறவை. கேப்பிடெல்லாவின் சிவப்பு ஹீமோகுளோபினால் வருவது. மூச்சுக்குக் கிடைக்கிற கொஞ்சத்தையும் அது விடாது. முட்டையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் சில வாரங்கள் போதும். ஊர்க்காரர் ஒருவர் அன்றைக்கு அந்தச் சேற்றைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால், புழு நெளிகிறது, ஆறு கெட்டுப்போய்விட்டது என்றுதான் சொல்லியிருப்பார். ஆய்வாளர்களுக்கு அது நல்ல செய்தி.

இந்த வரிசைக்கு ஒரு பெரிய முன்னோடி ஆய்வு உண்டு. ஸ்காட்லாந்தில் காகிதக்கூழ் ஆலை ஒன்றின் கழிவு சேர்ந்த லோக் லின்னி, லோக் ஈல் என்ற கடற்கழிகளைப் பார்த்த பியர்சனும், சுவீடனின் ரோசன்பெர்க்கும் 1978இல் எழுதியது. கழிவின் வாயில் உயிரே இல்லை; கொஞ்சம் தள்ளினால் ஓரிரண்டு இனங்கள், ஆனால் கணக்கற்று; இன்னும் தள்ளினால் இனங்கள் கூடும், உடல் பெரிதாகும், வளை ஆழமாகும். தூரத்தில் தெரிகிற இந்தப் படிகள், கழிவை நிறுத்தினால் காலத்திலும் அதே வரிசையில் தெரியும். பில்பாவோவில் நடந்தது அதுதான்.

மறுநாள் பிளென்சியா. மெட்ரோவின் கடைசி நிலையம். புத்ரோயே என்ற சிற்றாறு கடலில் சேரும் இடம். தண்ணீர் இறங்கியிருந்தது; படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. தம்பி முழங்கால் பூட்ஸ் ஒன்றை எனக்கும் வாங்கி வைத்திருந்தார். முதல் எட்டிலேயே அது சேற்றிலும் நான் வெளியிலுமாக ஆனேன்.

“நடக்காதீங்கண்ணே, வழுக்குங்க. காலத் தூக்காம இழுத்துட்டே வாங்க” என்றார். எங்கள் ஊர் உப்பளத்துச் சேற்றில் நடந்தவனுக்கு இது பழகிய பாடம்தான், மறந்து போயிருந்தது.

சேற்றின் மேல்தோல் இளம்பழுப்பு. மண்வெட்டியால் ஒரு கட்டி வெட்டிப் புரட்டினார். சில சென்டிமீட்டருக்குக் கீழே கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். “இந்தக் கறுப்ப பாத்து பயப்படக்கூடாது. எல்லாச் சேத்துலயும் உண்டு. எவ்ளோ மேல வந்திருக்குனுதான் பாக்கணும்.” பழுப்பு ஆக்சிஜன் உள்ள மண், கறுப்பு ஆக்சிஜன் இல்லாத மண். கறுப்புக்குள்ளே அங்கங்கே பழுப்பு ஓரம் கட்டிய துளைகள் இறங்கின. ஹெடிஸ்டே என்ற புழுவின் வளைகள். உள்ளே உடலை அலையலையாக அசைத்துத் தண்ணீரைப் பாய்ச்சுகிறது. அது போகிற இடமெல்லாம் காற்றோட்டம் போகிறது. சேற்றின் மேலே நட்சத்திர வடிவத்தில் கீறல்கள். ஸ்க்ரோபிகுலேரியா என்ற சிப்பி, ஆழத்தில் இருந்துகொண்டே நீண்ட குழாயை மேலே நீட்டி, சுற்றிலும் தடவி இரை எடுத்த தடம். பெரிஞ்ஜியா என்ற அரிசி அளவு நத்தைகள் மேற்பரப்பெங்கும். சல்லடையில் அலசினால் இவை மூன்றும்தான் பெரும்பாலும் மிஞ்சின. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். இவ்வளவுதானா?

“இவ்ளோதான்” என்றார் தம்பி. “கழிமுகத்துல எப்பவுமே இவ்ளோதான்.”

தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைச் சாலைக்கு அனுப்பினால் போதாதா, எதற்கு இந்தப் புழு எண்ணும் பாடு என்று கேட்டேன். கேள்விக்குப் பதில் எங்கள் காலடியிலேயே ஏறிக்கொண்டிருந்தது, ஓதம் திரும்பிவிட்டது. இந்த மணி நேரத்துத் தண்ணீர் அடுத்த மணி நேரத்தில் இங்கே இருக்காது. அதைச் சோதிப்பது, பேருந்து நிலையத்தில் நிற்கிறவரிடம் ஊர் நடப்பை விசாரிப்பது போல. சேற்றுப் புழுவும் சிப்பியும் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த கிழவி. ஓட வழியில்லை. நள்ளிரவில் யாரோ ரகசியமாகத் திறந்துவிட்ட கழிவும், ஆகஸ்டில் ஒரு வாரம் ஆக்சிஜன் அற்றுப்போனதும் அவற்றின் உடம்பிலும் எண்ணிக்கையிலும் பல மாதங்களுக்குப் பதிந்திருக்கும்.

அந்தக் கிழவியின் பேச்சை எண்ணாக மாற்றும் முறையும் இந்தப் பாஸ்க் நாட்டில் பிறந்ததுதான். ஏஞ்சல் போர்ஹா, பிராங்கோ, பெரெஸ் என்ற பாஸ்க் ஆய்வாளர்கள் மூவர் 2000இல் வெளியிட்டார்கள். பெயர் ஆம்பி. அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் நீர்ச் சட்டகம் ஒன்றைக் கொண்டுவந்து, ஆறு, கழிமுகம், கடலோரம் எல்லாம் ‘நல்ல நிலை’க்கு வர வேண்டும் என்று நாடுகளைக் கட்டாயப்படுத்தியது. நல்ல நிலை என்றால் என்ன என்று அளக்க ஒரு கோல் எல்லாருக்கும் தேவைப்பட்டது. ஆம்பி ஐரோப்பா முழுக்கப் பரவியதற்கு அது ஒரு காரணம். மென்பொருளை இலவசமாகக் கொடுத்தது இன்னொன்று.

கணக்கு எளிது. சேற்று உயிர்களை ஐந்து குழுவாகப் பிரிக்கிறார்கள். மாசைத் துளியும் தாங்காதவை முதல் குழு, மாசில் கொழிக்கும் கேப்பிடெல்லா வகை ஐந்தாம் குழு, நடுவில் மற்றவை. குழுக்களுக்கு முறையே 0, 1.5, 3, 4.5, 6 என்று மதிப்பெண். அள்ளிய உயிர்களில் நூற்றுக்கு அறுபது மூன்றாம் குழு, நாற்பது ஐந்தாம் குழு என்றால் மதிப்பு 4.2. 1.2க்குள் இருந்தால் தொந்தரவில்லாத இடம். 6ஐ நெருங்கினால் கேடு. உயிரே இல்லாவிட்டால் 7. பில்பாவோவின் உட்பகுதி 7இல் இருந்து இறங்கி வந்தது. பிறகு 2007இல் இதோடு இனங்களின் எண்ணிக்கையையும் பன்மையையும் சேர்த்து எம்-ஆம்பி என்று திருத்தினார்கள்.

நான் சேற்றிலேயே நின்று மனக்கணக்குப் போட்டேன். எங்கள் சல்லடையில் இருந்த ஹெடிஸ்டே, ஸ்க்ரோபிகுலேரியா, பெரிஞ்ஜியா மூன்றுமே மூன்றாம் குழு. நூற்றுக்கு நூறும் மூன்றாம் குழு என்றால் மதிப்பு 3. அதாவது ‘கொஞ்சம் பாதிக்கப்பட்டது’. சுற்றிலும் பார்த்தேன். பச்சை மலை, தெளிந்த வானம், கொக்கு. இதில் என்ன பாதிப்பு?

இங்கேதான் இந்த அறிவியல் சுவாரசியமாகிறது. கழிமுகம் இயல்பிலேயே கொடுமையான இடம். உப்பு ஏறும், இறங்கும். வெயிலில் காயும், ஓதத்தில் மூழ்கும். ஆறு கொண்டுவந்து கொட்டும் மக்கு எப்போதும் உண்டு. மனிதன் ஒரு சொட்டுக் கழிவு விடாவிட்டாலும் அங்கே தாக்குப்பிடிக்கிறவை கெட்டியானவை மட்டும்தான். பால்டிக் கடலைப் பார்த்த ரெமானே என்ற ஜெர்மானியர் 1934லேயே ஒரு வளைகோடு வரைந்தார்: நன்னீருக்கும் கடல்நீருக்கும் நடுவே, ஆயிரத்துக்கு ஐந்து முதல் எட்டு என்ற உப்பளவில், இனங்களின் எண்ணிக்கை அதலபாதாளத்தில் விழுகிறது. ஆக, இயற்கை கொடுக்கும் துன்பமும் மாசு கொடுக்கும் துன்பமும் சேற்று உயிர்களின் பட்டியலில் ஏறக்குறைய ஒரே கையெழுத்தில் வருகின்றன. 2007இல் எலியட், கின்டினோ என்ற இருவர் இதற்குக் கழிமுகத் தர முரண் என்று பேர் வைத்தார்கள். அதனால்தான் ஒரே அளவுகோலை எல்லாக் கழிமுகத்திலும் அப்படியே வைத்துப் பார்க்க முடியாது. மாசில்லாத அதே மாதிரி இடம் எப்படி இருக்கும் என்று முதலில் தெரிய வேண்டும். அதோடுதான் ஒப்பிட வேண்டும். தொழில்துறை தொடாத கழிமுகம் ஐரோப்பாவில் எங்கே இருக்கிறது என்பது வேறு தலைவலி.

கண்ணால் பார்த்து முடிவு கட்டுவது இதைவிட மோசம் என்பதை உர்தாய்பாயில் கண்டேன். கெர்னிகாவிலிருந்து முண்டாக்காவுக்கு இறங்கும் ரயில் கழிமுகத்தின் ஓரமாகவே போகிறது. 1984இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த இடம். மணல் திட்டு, நாணல், வலசை வரும் பறவைகள், உலகப் புகழ்பெற்ற அலைச்சறுக்கு அலை. பில்பாவோவின் கான்கிரீட் கரையைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு இது சொர்க்கம். ஆனால் கெர்னிகாவை ஒட்டிய மேல்பகுதிச் சேறு வேறு கதை. ஊரின் கழிவுநீர் பல ஆண்டுகள் சரியாகச் சுத்திகரிக்கப்படாமல் அந்தக் குறுகிய வாய்க்காலில்தான் விழுந்தது. அந்த ஆண்டுகளில் அங்கே அள்ளியதில் மாசு விரும்பிகள். நாணலுக்கும் கொக்குக்கும் நடுவே. எதிர்மாறாக, அழகே இல்லாத பில்பாவோ வாய்க்காலில் சேறு ஆண்டுக்கு ஆண்டு தேறி வருகிறது. அதற்கும் ஒரு எல்லை உண்டு: நூறு ஆண்டுத் தொழிற்சாலைக் கழிவின் ஈயமும் துத்தநாகமும் அந்தச் சேற்றின் அடியில் அப்படியே கிடக்கின்றன. புதிய புழுக்கள் அதன் மேல்தான் குடியேறியிருக்கின்றன.

நம் ஊரில் ஆற்று மேம்பாடு என்றால் கரையில் நடைபாதையும் வண்ண விளக்கும் முதலில் வருகின்றன. பில்பாவோவும் அதைச் செய்தது. சாக்கடையைக் கட்டத் தொடங்கிய பிறகு செய்தது.

திரும்பும் ரயிலில் தம்பி தன் வேலையைப் பற்றிப் பேசினார். ஊருக்குப் போய் வெள்ளாற்றில் இதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையம் பல பத்தாண்டுகளாக அந்தக் கழிமுகத்துச் சேற்றைப் பார்த்துவருகிறது, அதனால் ஒப்பிடப் பழைய பட்டியல்கள் இருக்கின்றன. சிக்கல் வேறு இடத்தில். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் வெள்ளாறு கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். சித்திரையில் கடல் அளவுக்கு உப்பு. ஐரோப்பியக் கழிமுகங்கள் ஒரு நாளில் படும் பாட்டை நம்முடையவை ஒரு வருடத்தில் படுகின்றன, ஆனால் முழுதாகப் படுகின்றன. மழைக்குப் பின் சேறு வெறிச்சென்று இருந்தால் அது மழையின் வேலையா, கழிவின் வேலையா?

“மழைக்கு முன்ன, பின்ன, கோடையில, மூணு தடவையும் அதே எடத்துல அள்ளணும்ணே. ஒரு வருஷம் பத்தாது.”

“அப்புறம்?”

“அப்புறம் பேரு.” பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து ஆம்பியின் இனப் பட்டியலைத் திறந்தார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே குழு எண். நம் கரைப் பாலிகீட் புழுக்களை அடையாளம் காணப் பரங்கிப்பேட்டையில் அவர் புரட்டியது பியர் ஃபோவெல் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதி 1953இல் வந்த இந்திய விலங்கின வரிசை நூல். அதில் நம் புழுக்கள் பலவற்றுக்கு ஐரோப்பிய இனங்களின் பெயர்களே இருக்கின்றன. கேப்பிடெல்லா கேப்பிடேட்டா என்று உலகமெங்கும் ஒரே பெயரில் அழைத்துவந்த புழுவை, 1969இல் மாசச்சூசெட்ஸில் எண்ணெய் கொட்டிய கடற்கரையைத் தொடர்ந்து பார்த்த கிராசில் தம்பதி, ஒன்றல்ல, கண்ணால் பிரிக்க முடியாத ஆறு இனங்கள் என்று 1976இல் காட்டினார்கள். வெள்ளாற்றுப் புழுவுக்கு ஐரோப்பியப் பெயரைப் போட்டால் மென்பொருள் தயங்காமல் ஐரோப்பியப் புழுவின் குழுவில் போட்டு மதிப்பெண் கொடுத்துவிடும். அந்த மதிப்பெண் வெள்ளாற்றைப் பற்றியதா, வேறு எங்கோ இருக்கிற சேற்றைப் பற்றியதா என்று யார் சொல்வது?

“அப்ப முதல்ல என்ன செய்யப் போற தம்பி?”

“கேப்பிடெல்லாவ டிஎன்ஏக்கு அனுப்பணும்” என்றார். “அதுக்குக் காசு கேட்டு எழுதியிருக்கேன். இன்னும் பதில் வரல.”